பேராண்டிக்குப் பர்ச்சேஸ் சீட்டு

வாடா பேராண்டி, திண்ணையில உக்காரு. பர்ச்சேஸ் செக்ஷனுக்கு மாத்திட்டாங்களாமே! சமயபுரத்து ஆத்தாளுக்கு மாவிளக்கு போட்டியா? போடலேன்னாலும் பரவால்ல, அந்த சீட்ல உக்காந்தா தானா வந்து போடுவ.

அன்னிக்கு உங்க ஆபீஸ்ல பிளாஸ்டிக் ஒழிப்புக் கூட்டம்னு கூட்டிட்டுப் போனியே, கண்கொள்ளாக் காட்சி. வாசல்ல பிளெக்ஸ் பேனரு. மேடையில ஆளுக்கொரு பிளாஸ்டிக் பாட்டிலு. பொன்னாடையிலேர்ந்து உரிச்ச பாலித்தீன் பறந்துவந்து என் மடியில விழுந்துச்சு, எனக்கும் மரியாதைன்னு மடிச்சு வச்சுக்கிட்டேன். சாப்பாட்டுக்கு வாழை இலை படம் போட்ட பிளாஸ்டிக் தாளு! வாழைக்குன்னே தேசிய ஆராய்ச்சி மையம் இருக்கற திருச்சியில, படத்துலதான் சோறு போட்டீங்க.

டீ கப்பைக் கேட்டா, "பேப்பர்தானே தாத்தா"ன்ன. உள்ள பூசியிருக்கறது என்ன, சந்தனமா? 2018 ஜூன்ல அரசாணை போட்டு, 2019 ஜனவரி 1லேர்ந்து 14 பொருளுக்குத் தடை வச்சது உங்க சர்க்கார்தான். அந்தப் பட்டியல்ல பிளாஸ்டிக் பூசின பேப்பர் கப்பும் இருக்கு. துணி மாதிரியே நடிக்குதே அந்த நெய்யாத பை, அதுவும் இருக்கு. 2021 டிசம்பர்ல 'மீண்டும் மஞ்சப்பை'ன்னு ஆரம்பிச்சாங்கல்ல, மஞ்சளா இருந்தா போதும்னு உங்காளுங்க புரிஞ்சுக்கிட்டாங்க போல. அந்தக் கூட்டத்துல குடுத்த பையில தீக்குச்சி காட்டிப் பாத்தேன், சுருண்டு உருகிடுச்சு. பருத்திக்கு அந்த வித்தை தெரியாது.

"டெண்டர்ல குறைஞ்ச விலைக்காரனுக்குத்தானே தாத்தா குடுக்கணும்"னு மூக்கால அழாத. 1998ஆம் வருசத்து டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டத்த ஒருவாட்டி படி. பத்திரத்துல முன்னாடியே எழுதிவச்ச அளவுகோல்படி பாத்து, அதுல குறைஞ்சவனுக்குக் குடுன்னுதான் சொல்லுது. அந்த அளவுகோல எழுதறவன் எவன்? உன் சீட்டுல உக்காந்திருக்கறவன்தான். 'பை'ன்னு எழுதுனா எந்தப் பையும் வரும். 'பருத்தி நூல்ல நெய்த பை'ன்னு எழுதிப் பாரேன்.

அடுத்து, சீலிங் பேன் வாங்கற கதைக்கு வா. நட்சத்திரம் பாக்காம பொண்ணெடுக்க மாட்டோம், பேன் வாங்கறப்ப மட்டும் நட்சத்திரம் கண்ணுல படாது. 2023லேர்ந்து சீலிங் பேனுக்கும் நட்சத்திர முத்திரை கட்டாயமாச்சுடா. பழைய மாதிரி பேன் 75 வாட்டு இழுக்கும், பிஎல்டிசின்னு புது மாதிரி மோட்டார் வச்ச பேனுக்கு சுமாரா 30 வாட்டு போதும். நாளைக்குப் பத்து மணி நேரம், வருசத்துக்கு 300 நாள்னு வை. பேனுக்கு 135 யூனிட்டு மிச்சம், நூறு பேனுக்கு 13,500. வெலை கூடத்தான். ஆனா வாங்கற சீட்டு உன்னுது, கரண்ட் பில்லு கட்டற சீட்டு பக்கத்து ரூம்காரனுது. அவன் மிச்சம் புடிச்சா உனக்கா பேரு வரப்போகுது? நடுவுல இருக்கற சுவத்துக்குத்தான் இம்புட்டு நாளும் பில்லு கட்டறோம்.

பேப்பரு? காவிரிக்கரையோரமா மேக்கால போனா புகளூர் காகிதபுரம். கரும்புச் சக்கையில காகிதம் பண்ற ஆலை, அதுவும் சர்க்கார் ஆரம்பிச்சது. அந்தப் பேப்பர வாங்குறது நல்ல காரியம். ஆனா ஒரு பக்கம் அச்சடிச்சுட்டு மறுபக்கத்த வெள்ளையா விடறீங்களே, அது யாருக்கு ரிசர்வு?

ரொம்ப நாளா ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். மாசிக் கடைசி ஞாயித்துக்கெழம பூச்சொரிதல் ஆரம்பிச்சு, ஆத்தா நமக்காக 28 நாள் பச்சைப் பட்டினி கெடக்கா. இளநீரு, பானகம், துள்ளுமாவு, இந்த மாதிரிதான் நைவேத்தியம். உங்க ஆபீஸ் அகோரப் பசியில கெடக்கறதும் அதே மார்ச்சுலதான்! 31ஆம் தேதிக்குள்ள பணத்தக் கரைக்கணும்னு, பிரிக்காத பீரோவுக்கு மேல புதுசா இன்னொரு பீரோ. கேட்டா, நிதிய திருப்பி அனுப்புனா அடுத்த வருசம் வெட்டிருவாங்கன்றீங்க. அது நெசந்தான், உன்னை மட்டும் குத்தம் சொல்ல முடியாது. ஆனா கரைச்சே ஆகணும்னா பிப்ரவரியிலயே ஸ்டோர் ரூம் சாவிய வாங்கி உள்ள போயிப் பாரு. இண்டென்ட்டுல கேக்கற சாமான்ல பாதி அங்கயே தூசி படிஞ்சு கெடக்கும்.

அப்புறம், டெண்டர்ல அந்தப் பருத்தி வாசகத்த எழுதி முடிச்சதும் என்கிட்ட ஒருவாட்டி படிச்சுக் காட்டிடு. ஒரு கமா விட்டுட்டாக்கூட, காண்ட்ராக்டர் அந்தச் சந்துல லாரியவே ஓட்டிருவான்.