மழை வருமா, அம்மாவைக் கேள்

டெக்சாஸ் ஆளுநர் கிரெக் அபாட் 2025 மே மாதம் கையெழுத்திட்ட ஒரு சட்டத்தின்படி, நாளை மழை வருமா என்று சொல்லும் ஆப்பை இறக்கிக்கொள்ளக்கூட ஆப் ஸ்டோரில் முதலில் வயது நிரூபணமாக வேண்டும். பதினெட்டு நிறையாதவர் என்றால் அம்மாவோ அப்பாவோ சம்மதம் தர வேண்டும். அதுவும் மொத்தமாக ஒருமுறை தந்தால் போதாது. ஒவ்வொரு ஆப்புக்கும், ஆப்புக்குள் வாங்கும் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாகத் தர வேண்டும். பதினேழு வயதுப் பிள்ளை அங்கே உரிமம் வாங்கி ஹூஸ்டன் நெடுஞ்சாலையில் தனியாகக் கார் ஓட்டலாம். போகிற வழியில் மழை உண்டா என்று பார்க்கத்தான் அம்மா துணை வேண்டும். சம்மதம் கேட்பதிலிருந்து சட்டம் இரண்டு வகை ஆப்களுக்கு விலக்கு அளித்திருக்கிறது. ஒன்று, அவசர உதவிக்கானது. மற்றது, கல்லூரிச் சேர்க்கைக்கான தேர்வுகளை நடத்தும் லாபநோக்கற்ற அமைப்புகளுடையது. உயிராபத்தையும் நுழைவுத் தேர்வையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தவர், வீட்டில் ஒரு பிள்ளையைத் தேர்வுக்குத் தயார்செய்து பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும்.

இந்த வகைச் சட்டத்தை 2025 மார்ச்சில் முதலில் கொண்டுவந்தது யூட்டா. டெக்சாஸும் லூசியானாவும் பின்தொடர்ந்தன. யார் யார் வரவேற்றார்கள் என்பதுதான் சுவாரசியம். மெட்டா, எக்ஸ், ஸ்னாப் ஆகிய மூன்றும், பெற்றோருக்கு எல்லாம் ஓரிடத்தில் முடிவது நல்லதென்று யூட்டாவைப் பாராட்டின. அந்த ஓரிடம் ஆப்பிளுக்கும் கூகுளுக்கும் சொந்தமான கடை என்பது தற்செயல் என்று நம்புவோம். அந்த இரண்டு நிறுவனங்களுக்கோ பயனர்களின் அந்தரங்கத்தின் மீது திடீரென்று பாசம் பொங்கியது. ஆப்பிளின் டிம் குக் ஆளுநர் அபாட்டைத் தொலைபேசியிலேயே அழைத்துப் பேசிப் பார்த்தார் என்று செய்தி வந்தது. எல்லோருக்கும் குழந்தைகள் மீது அக்கறை இருக்கிறது. அந்தக் குழந்தைகள் அடுத்தவர் கடை வாசலில் நிற்கும்போது அது இன்னும் கூடிவிடுகிறது.

சாராயக் கடையில் வயது கேட்பதில்லையா, இதில் மட்டும் என்ன நோகிறது என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கடையில் இருப்பதெல்லாம் சாராயம். ஆப் ஸ்டோரிலோ அகராதி, பைபிள், கால்குலேட்டர், இன்ஸ்டாகிராம் எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. நீதிபதி ராபர்ட் பிட்மன் இதைத்தான் பிடித்துக்கொண்டார். புத்தகக் கடை வாசலிலேயே வருகிறவர்கள் எல்லோருடைய வயதையும் சோதித்து, சிறுவர் என்றால் உள்ளே நுழைய ஒருமுறை, புத்தகம் வாங்க மறுமுறை பெற்றோர் சம்மதம் கேட்பது போன்றது இது என்று சொல்லி, 2025 டிசம்பர் 23 அன்று டெக்சாஸ் சட்டத்துக்கு இடைக்காலத் தடை விதித்தார். சட்டம் நடைமுறைக்கு வர வேண்டிய நாள் 2026 ஜனவரி 1. இணையத்தில் பிறந்தநாள் கேட்டால் அவசரக்காரர்கள் பாதிப்பேர் தட்டிவிடும் தேதி அது. இன்னொன்று, சாராயக் கடைக்காரர் அடையாள அட்டையைப் பார்ப்பார், திருப்பித் தருவார், அடுத்த ஆளைப் பார்ப்பதற்குள் மறந்தும் போவார். கணினி மறப்பதில்லை. 2025 அக்டோபரில் டிஸ்கார்ட் நிறுவனம், தனக்காக வேலை பார்த்த வெளி நிறுவனம் ஒன்றின் வழியாகச் சுமார் 70,000 பேரின் அடையாள அட்டைப் படங்கள் கசிந்திருக்கலாம் என்று அறிவித்தது. அவற்றில் பல, வயதை நிரூபிப்பதற்காக நம்பிக் கொடுக்கப்பட்டவை. இதைவிடப் பெரிய சங்கடம் பெற்றோர் விஷயம். சம்மதம் தருபவர் உண்மையிலேயே அந்தப் பிள்ளைக்குப் பொறுப்பானவரா என்பதையும் ஆப் ஸ்டோர்தான் உறுதிசெய்ய வேண்டும். விவாகரத்தான வீடு, அம்மாவுக்கு ஒரு குடும்பப்பெயர் பிள்ளைக்கு ஒன்று, பாட்டியிடம் வளரும் பேரன் என்று குடும்பநல நீதிமன்றங்கள் மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்ளும் வழக்கையெல்லாம் ஒரு திரை சில நொடிகளில் தீர்த்துவைக்க வேண்டும். அதையும் தாண்டி வந்த அப்பாவுக்கு, பல வீடுகளில், சம்மதப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொடுக்கப் போவது அந்தப் பிள்ளைதான். இத்தனை காவலும் கடைக்குத்தான். பிரௌசரைத் திறந்து இன்ஸ்டாகிராமுக்குப் போனால் கடை வாசலையே மிதிக்க வேண்டியதில்லை.

அதற்காகப் பிள்ளைகளை அப்படியே விட்டுவிடுவதா? கூடாது. தீங்கு கற்பனையல்ல, பெற்றோர் களைத்துப் போயிருப்பதும் உண்மை. ஆனால் கோளாறு வாசலில் இல்லை, வயது தெரியாததுபோல் இருந்தால்தான் லாபம் என்ற கணக்கில் இருக்கிறது. 1998-இல் அமெரிக்கா இயற்றிய குழந்தைகள் இணைய அந்தரங்கச் சட்டம், பதின்மூன்று வயதுக்குக் கீழான பிள்ளையின் விவரங்களைப் பெற்றோர் அனுமதியின்றித் திரட்டக் கூடாது என்றது. ஆனால் எல்லோருக்குமான பொதுத் தளம் என்றால், எதிரில் இருப்பது குழந்தை என்று அந்தத் தளத்துக்கு உண்மையிலேயே தெரிந்திருந்தால்தான் குற்றம். அன்று முதல் தெரியாமல் இருப்பது ஒரு தொழில்திறனாக வளர்ந்துவிட்டது. நள்ளிரவில் எந்தச் செருப்பை நின்று பார்த்தோம் என்பதுவரை அறிந்த நிறுவனங்களுக்கு, ஐந்தாம் வகுப்புக் கணக்குப் பாடத்தைப் பற்றிப் புலம்பும் பயனரின் வயது மட்டும் பிடிபடுவதில்லை.

டெக்சாஸ் சட்டத்தில் உருப்படியான பகுதியும் உண்டு: பயனரின் வயதுப் பிரிவை ஆப் நிறுவனத்துக்கே சொல்லிவிடுவது. சொன்ன பிறகு, தெரியாது என்று கையை விரிக்க முடியாது. அதற்கு ஊரிலுள்ள பெரியவர்கள் எல்லாம் தாம் பெரியவர்கள் என்று நிரூபிக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி. 2027 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வரவிருக்கும் கலிபோர்னியா சட்டம் அட்டை எதையும் கேட்கவில்லை. சாதனத்தில் கணக்குத் தொடங்கும்போது பிள்ளையின் வயதைப் பெற்றோர் குறித்துவிட வேண்டும்; அந்தக் குறிப்பு ஆப்புக்குப் போய்ச் சேர்ந்தால் அதற்கு வயது தெரியும் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். பெற்றோரே பொய் சொன்னால்? சொல்வார்கள், சிலர். பொய் சொல்லத் துணிந்த பெற்றோர் டெக்சாஸ் முறையிலும் சம்மதப் பொத்தானை அமுக்கத்தான் போகிறார்கள். எனக்கு உறுத்துவது வேறு: வாசல் சண்டையில் எதிரெதிரே நின்ற கூகுளும் மெட்டாவும் கலிபோர்னியா சட்டத்தைச் சேர்ந்தே ஆதரித்தன. இருவருக்கும் ஒரே நேரத்தில் பிடித்துப்போன சட்டம் என்பதால், அதை இன்னும் ஒருமுறை முதல் வரியிலிருந்து படித்துப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.