வீட்டில் யாராவது இருப்பார்கள்

நம் அரசுக்குத் திட்டமிடத் தெரியாது என்று இனி யாரும் சொல்லக் கூடாது. 2020 மே 7ஆம் தேதி, கொரோனா ஊரடங்கில் மூடியிருந்த டாஸ்மாக் கடைகளைத் திறந்தபோது, குடிமக்களை வயதுவாரியாகப் பிரித்து நேரம் ஒதுக்கினார்கள். ஐம்பதைத் தாண்டியவர்களுக்குக் காலை 10 முதல் பகல் 1 வரை. நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்டவர்களுக்கு 1 முதல் 3 வரை. நாற்பதுக்குக் கீழே இருக்கும் இளைஞர் சமுதாயம் 3 முதல் 5 வரை. கட்டை கட்டித் தடுப்பு, தரையில் வட்டம், காவலுக்குப் போலீஸ். சென்னையை விட்டுவிட்டுத் திறந்த முதல் நாளிலேயே சுமார் 170 கோடி ரூபாய் வசூல். மறுநாள் உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. அரசு உச்ச நீதிமன்றம்வரை ஓடி ஒரே வாரத்தில் தடை வாங்கி வந்தது. மனம் வைத்தால் என்னவெல்லாம் முடிகிறது பாருங்கள்.

அதே மே மாதத்தில் மத்திய உள்துறை அமைச்சகம் ஒரு வழிகாட்டுதல் தந்தது. 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் வீட்டிலேயே இருக்க வேண்டும். 10 வயதுக்கு உட்பட்டவர்களும் வீட்டிலேயே இருக்க வேண்டும். தொழிற்சாலைகள் இயங்கலாம், அலுவலகங்கள் இயங்கலாம். அதாவது தாயும் தகப்பனும் வேலைக்குப் போகலாம், பள்ளியும் பால்வாடியும் பூட்டியிருக்கும், மூன்று வயதுக் குழந்தை வீட்டில் இருக்கும். கதவைத் திறந்துவிட, சோறு ஊட்ட, அடுப்புப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ள, கழுவிவிட யார்? அதற்கு ஓர் எழுதப்படாத உட்பிரிவு எல்லா ஆணைகளின் அடியிலும் இருந்தது. வீட்டில் யாராவது இருப்பார்கள்.

முன்னெச்சரிக்கையாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். "நோய் பரவும் நேரத்தில் பள்ளியைத் திறந்திருக்க வேண்டும் என்கிறாயா?" என்று கையை ஓங்கிக்கொண்டு வராதீர்கள். மூடியது சரியாகவே இருந்திருக்கலாம். மூடியபின் உள்ளே இருந்த பிள்ளைகள் எங்கே போவார்கள் என்று கோட்டையில் ஒருவர், ஒரே ஒருவர், எழுந்து கேட்டாரா என்பதுதான் என் கேள்வி. கேட்டிருந்தால் ஓர் ஆணையிலாவது அதன் தடயம் இருந்திருக்கும். முடிதிருத்தகத்தில் எத்தனை நாற்காலி, பேருந்தில் எத்தனை பேர், தேநீர்க் கடையில் பார்சல் மட்டுமா என்றெல்லாம் தடயம் இருக்கிறதே.

அந்த 'யாராவது' யாரென்று பார்ப்போம்.

முதல் ஆள் பாட்டி. கிருமி யாரைத் தேடி வருகிறதோ அந்த வயது. அவரைக் காப்பாற்றத்தான் ஊரையே அடைத்தோம் என்றார்கள். ஊரை அடைத்ததால் வீட்டில் தேங்கிய பேரப்பிள்ளைகளை அவரிடமே ஒப்படைத்தோம். அதுவும் பாட்டி அதே ஊரில் இருந்தால். பாட்டி திண்டுக்கல்லிலும் மகள் சோழிங்கநல்லூரிலும் இருந்தால், மாவட்டம் தாண்ட இ-பாஸ் வேண்டும். இ-பாஸுக்குக் காரணம் வேண்டும். கல்யாணம் என்றால் சரி, நெருங்கிய உறவினர் சாவு என்றால் சரி, மருத்துவம் என்றால் சரி. 'பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அம்மா வர வேண்டும்' என்பதற்கு அந்தப் படிவத்தில் இடமில்லை. அம்மா செத்திருந்தால் பாஸ் கிடைத்திருக்கும். உயிரோடு வந்து உதவுவதற்குத்தான் கிடைக்காது.

இரண்டாவது ஆள் அக்கா. பதினொரு வயது, ஆறாம் வகுப்பு. இந்தப் பெருந்தொற்றுக் காலத்தில் தமிழ்நாட்டின் குழந்தைக் காப்பகத் துறையை உண்மையில் நடத்தியது அவள்தான். திருப்பூரில் பனியன் கம்பெனிகள் 2020 மே மாதம் மெல்லத் திறந்தன. பின்னலாடைக்கு ஆர்டர் குறைந்திருந்த நேரத்தில் முகக்கவசமும் பாதுகாப்பு உடையும் தைத்துப் பிழைத்தது அந்த ஊர். நாட்டையே காப்பாற்றும் முகக்கவசத்துக்குப் பிசிர் வெட்டிக்கொண்டிருந்த பெண்ணின் வீட்டில், நாலு வயதுத் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு அக்கா சோறு வடித்தாள். அம்மா ஒருநாள் தம்பியைக் கையோடு கூட்டிப்போய்ப் பார்த்தால் வாசலிலேயே சூப்பர்வைசர் நிற்பார். "ஏனுங்கக்கா, கொரோனா நேரத்துல புள்ளையத் தூக்கிட்டு வந்தா எப்படிங்க? ஊட்டுல யாருமே இல்லீங்களா?" இருக்கிறாளே. வகுப்பறையில் இருக்க வேண்டியவள் இருக்கிறாளே.

அப்பாவைப் பற்றி இன்னும் சொல்லவில்லை என்று யாரும் கோபிக்க வேண்டாம். நம் சட்டமே சொல்லவில்லை. மத்திய அரசு ஊழியருக்குக் குழந்தை பராமரிப்பு விடுப்பு என்று 730 நாள் உண்டு. முதலில் அது பெண் ஊழியருக்கு மட்டும். 2018 டிசம்பரில் பெரிய மனது வைத்து ஆண்களுக்கும் நீட்டித்தார்கள். எந்த ஆணுக்கு? மனைவியை இழந்தவர், விவாகரத்தானவர், திருமணமாகாமல் பிள்ளை வளர்ப்பவர். வீட்டில் ஒரு பெண் இல்லாமல் போகும்போதுதான் இந்திய ஆண் தகப்பன் ஆகிறான். அதுவரை அவன் குடும்பத் தலைவன். பேறுகால நலச் சட்டத்தில் 2017இல் செய்த திருத்தமும் அதே ரகம். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும். தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்த்துவரலாம். தகப்பன் போய்ப் பார்ப்பதை யாரும் தடுக்கவில்லைதான். அவன் போவான் என்று எழுதியவர்களுக்குத் தோன்றவே இல்லை.

காப்பகம் என்றதும் நினைவுக்கு வருகிறது. இந்த நாட்டில் சட்டத்துக்குப் பஞ்சமே கிடையாது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், முப்பதுக்கும் மேல் பெண்கள் வேலை செய்தால் அவர்களின் ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குத் தனி அறை வேண்டும் என்றது. நூறு நாள் வேலையில் ஐந்து குழந்தைகள் வந்துவிட்டால் ஒரு பெண்ணை அவர்களைப் பார்த்துக்கொள்வதற்கென்றே அமர்த்தி, அவளுக்கும் கூலி தர வேண்டும் என்று விதி இருந்தது. கருவேல மரத்தில் சேலைத் தொட்டில் கட்டி, கொளுத்தும் வெயிலில் மண் அள்ளும் பெண்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். ஆய்வாளர் வரும் அன்று மட்டும் பொம்மையும் பாயும் முளைக்கிற காப்பக அறைகள் பெருந்தொற்றுக்கு முன்பே ஸ்டோர் ரூமாக இருந்தன. கொரோனா வந்ததும் அங்கே சானிடைசர் கேன்களை அடுக்கினார்கள். அந்த அளவில் அறை பொதுச் சுகாதாரத்துக்குப் பயன்பட்டது என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

அரசே நடத்தும் காப்பகம் ஒன்று இருந்தது. தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள். ஆயிரமாயிரம் ஏழைத் தாய்மார் காலையில் பிள்ளையை விட்டுவிட்டுச் சித்தாள் வேலைக்கும் வீட்டு வேலைக்கும் ஓடியது அந்த ஒற்றை அறைகளை நம்பித்தான். அவற்றையும் மூடி, டீச்சரையும் ஆயாவையும் வீடு வீடாகச் சத்துமாவு கொடுக்கவும், யாருக்குக் காய்ச்சல் என்று விசாரிக்கவும் அனுப்பினார்கள். ஊர்ப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதற்கென்றே அரசு சம்பளம் கொடுக்கும் பெண், தன் பிள்ளையை யாரிடமாவது விட்டுவிட்டு, ஊர்ப் பிள்ளைகளின் வீட்டு வாசலில் போய் நின்று, "வீட்டில் எத்தனை பேர் இருக்கிறீர்கள்?" என்று குறித்துக்கொண்டு போனாள். இதற்குமேல் ஓர் அங்கதக்காரனுக்கு என்ன வேலை இருக்கிறது?

கொஞ்சம் வசதி படைத்தவர்களின் கதைக்கு வருவோம். அழுகிறவர்களில் ஏசி அறையில் அழுகிறவர்களும் உண்டு. ஒர்க் ஃப்ரம் ஹோம் என்றொரு வரம் கிடைத்தது. வீட்டு வேலைக்கு வரும் அக்காவை அடுக்குமாடிச் சங்கத்தார் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள்; அவர் சம்பளமில்லாமல் தன் வீட்டில். மேடம் சம்பளத்தோடு தன் வீட்டில், ஆனால் மூன்று வேலை. மேனேஜர் கேமராவை ஆன் பண்ணச் சொல்கிறார். ஒன்றாம் வகுப்பு மிஸ்ஸும் கேமராவை ஆன் பண்ணச் சொல்கிறார். இரண்டு கேமராவிலும் ஒரே பெண்ணின் முகம். பின்னணியில் பிள்ளை கத்தினால், "கொஞ்சம் மியூட் பண்ணிக்கோங்களேன்" என்பார் மேனேஜர். அவருடைய பிள்ளை கத்துவது நமக்குக் கேட்காது. அவருடைய மனைவி வேலையை விட்டுவிட்டார்.

2020 ஜூலையில் மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் இணைய வகுப்புக்கு நெறிமுறை வெளியிட்டது. மழலையர் வகுப்புக்கு நாளுக்கு அரை மணி நேரம், அதுவும் பெற்றோருடன் பேசி அவர்களுக்கு வழிகாட்ட. ஒன்று முதல் எட்டுவரை அரை மணி, முக்கால் மணியாக இரண்டே அமர்வுகள். மிச்ச நேரத்துக்கு? மிச்ச நேரத்துக்குத்தான் வீட்டில் யாராவது இருப்பார்களே. அதே மாதம் உயர் நீதிமன்றம் தனியார் பள்ளிகள் 40 சதவீதக் கட்டணத்தை முன்கூட்டி வாங்கிக்கொள்ளலாம் என்றது. பள்ளிக்கும் செலவு உண்டு, ஆசிரியருக்கும் வயிறு உண்டு. அதில் எனக்குத் தகராறில்லை. மீதி நூறு சதவீத வேலையைச் செய்த அம்மாவுக்கு எத்தனை சதவீதம் என்றுதான் தெரியவில்லை. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கல்வித் தொலைக்காட்சி. அதைப் பார்க்க மின்சாரமும் பெட்டியும் போதும். வீட்டில் இருக்கும் ஒரே ஸ்மார்ட்போனை அப்பா கட்டட வேலைக்கு எடுத்துப் போயிருந்தால் ஆசிரியரின் வாட்ஸ்அப் பாடம் ராத்திரி ஒன்பது மணிக்கு வந்து சேரும், பிள்ளை தூங்கியபின்.

ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். 2020 செப்டம்பரில் கோயில், வணிக வளாகம், பேருந்து, மெட்ரோ. நவம்பர் 10ஆம் தேதி திரையரங்கம். 2021 பொங்கலுக்கு முழு அரங்கையும் நிரப்பிக்கொள்ளலாம் என்று ஆணை போட்டு, மத்திய அரசு முறைத்ததும் பாதியாகக் குறைத்துக்கொண்டார்கள். பிறகு தேர்தல் வந்தது. மார்ச் 22ஆம் தேதி, நோய் கூடுகிறது என்று ஒன்பது, பத்து, பதினொன்றாம் வகுப்புகளை மறுபடி மூடினார்கள். சின்ன வகுப்புகளோ திறக்கப்படவே இல்லை. ஏப்ரல் 6ஆம் தேதி அதே பள்ளிகளின் கதவு விரியத் திறந்தது. கூட்டத்தைக் குறைக்க ஒரு சாவடிக்கு ஆயிரம் வாக்காளர் என்று வரம்பு வைத்து, சாவடிகளை 88 ஆயிரத்துக்கும் மேலாகப் பெருக்கினார்கள். கையுறை, வெப்பமானி, கிருமிநாசினி. கடைசி ஒரு மணி நேரம், மாலை 6 முதல் 7 வரை, தொற்று உள்ளவர்களே கவச உடையோடு வந்து வாக்களிக்கலாம்.

அதைச் செய்தவர்களைக் குறை சொல்ல முடியாது. வேண்டும் என்று நினைத்தார்கள், செய்தார்கள். இந்த மாநிலத்தில் மொத்தமே பதினைந்து இருபது பிள்ளைகளும் இரண்டு ஆசிரியர்களும் இருக்கிற கிராமப் பள்ளிகள் எத்தனையோ. எந்த ஏற்பாடும் செய்யாமலேயே அங்கே இடைவெளி இருந்தது. கிருமியை உடம்பில் வைத்திருப்பவர் வந்து போவதற்கு வழி கண்டுபிடித்த மூளைக்கு, துப்புரவுப் பணிக்கும் செவிலியர் பணிக்கும் போகிற பெண்களின் பிள்ளைகளையாவது வார்டுக்கு ஒரு வகுப்பறையில் உட்காரவைக்க வழி தெரியவில்லை. கைதட்டத் தெரிந்தது. விளக்கேற்றத் தெரிந்தது. முன்களப் பணியாளரின் காலைக் கழுவி மாலை போட்டுப் படம் எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. "ஷிப்ட் முடியறவரைக்கும் உன் பிள்ளை எங்கம்மா இருக்கும்?" என்று கேட்க மட்டும் யாருக்கும் வாய் வரவில்லை. பிள்ளைக்கு வாக்கு இல்லை, சரி. அம்மாவுக்கு இருக்கிறதே. அவள் ஏப்ரல் 6ஆம் தேதி வந்தாள், வரிசையில் நின்றாள், தன் மகனின் வகுப்பறைக்குள் போய்ப் பொத்தானை அமுக்கினாள், மகனைப் பார்க்க வீட்டுக்கு ஓடினாள்.

ஆட்சி மாறியது. ஒன்று முதல் எட்டாம் வகுப்புவரை 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்தது. 2020இல் முதல் வகுப்பில் பெயர் பதிந்த குழந்தை, வகுப்பறையை முதன்முதலாகப் பார்த்தபோது இரண்டாம் வகுப்பில் இருந்தது. இழந்த படிப்பை மீட்க இல்லம் தேடிக் கல்வி வந்தது. நல்ல திட்டம்தான், மாலை 5 முதல் 7 வரை, தெருவிலேயே பாடம். தன்னார்வலருக்கு மாதம் ஆயிரம் ரூபாய். அந்தத் தன்னார்வலர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்று நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டுமா? வீட்டில் இருந்த 'யாராவது' இப்போது தெருவுக்கு வந்திருக்கிறார், ஒரு நாளைக்கு முப்பத்துச் சொச்சம் ரூபாய்க்கு. பள்ளி திறந்த பிறகு சில அக்காக்கள் திரும்பி வரவில்லை. சிலர் மில்லுக்குப் போயிருந்தார்கள். சிலருக்குக் கல்யாணமே ஆகியிருந்தது. அவர்கள் இழந்ததை மீட்க மாலை 5 மணிக்கு யாரும் வரவில்லை.

முதல் அலையில் திடீரென்று வந்துவிட்டது என்றார்கள். இரண்டாவது அலையில் பிணங்களுக்கு நடுவே இதையெல்லாம் கேட்கக் கூடாது என்றார்கள். 2022 ஜனவரியில் மூன்றாவது அலைக்கு ஆணை வந்தது. இரண்டு வருட அனுபவம், வேறொரு ஆட்சி, அதே நடை. ஒன்று முதல் ஒன்பது வகுப்புகளுக்கு நேரடி வகுப்பு கிடையாது. தொழிற்சாலைகள் இயங்கும். திரையரங்கில் பாதி இருக்கை. கல்யாணத்துக்கு 100 பேர் வரலாம், சாவுக்கு 50 பேர் வரலாம். காலை ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் ஏறுகிறவளின் ஏழு வயதுப் பையனோடு இருக்க எத்தனை பேர் வருவார்கள் என்று அந்த ஆணையை இரண்டு முறை புரட்டிப் பார்த்தேன். ஒருவர்கூட இல்லை.