உறி தொங்கிய வீடு

ஜமுனாமரத்தூரிலிருந்து நடந்துபோகிற தூரத்தில்தான் எங்கள் ஊர். ஆயா வீடு மண்சுவர், புல் கூரை, சாணி மெழுகிய தரை. ஒரே அறை. அதற்குள்ளேதான் அடுப்பு, சாமை கொட்டி வைக்கிற மூங்கில் தொம்பை, நாங்கள் ஏழு பேர். அந்த வீட்டில் தேள் பார்த்திருக்கிறேன், பூரான் பார்த்திருக்கிறேன். ஒரு மழை ராத்திரியில் கூரையிலிருந்து கட்டுவிரியன் இறங்கியதையும் பார்த்திருக்கிறேன். கரப்பான் பூச்சியைப் பார்த்த ஞாபகம் மட்டும் இல்லை.

இன்று அதே மனையில் கான்கிரீட் வீடு நிற்கிறது. டைல்ஸ் தரை, சிங்க், கேஸ் அடுப்பு, ஃபிரிட்ஜ். நடுராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்து சமையலறை விளக்கைப் போட்டால், மேடை முழுக்கக் கரப்பான்கள் சிதறி ஓடிய காலம் உண்டு. மண்வீட்டில் இல்லாதது இத்தனை பளபளப்பான வீட்டுக்குள் எப்படி வந்தது என்று பல நாள் யோசித்திருக்கிறேன்.

அந்தி சாய்ந்தால் ஆயாவுக்கு ஒரு வேலை வரிசை உண்டு. பாத்திரங்களை வாசல் கல்லில் போட்டுச் சாம்பலால் தேய்ப்பாள். கழுவிய தண்ணீர் நேராக அவரைப் பந்தலின் வேருக்குப் போகும். பாத்திரங்களைக் கவிழ்த்து வைப்பாள். மிஞ்சிய களி உருண்டையைத் தண்ணீரில் போட்டு, சட்டியை மூடி, உறியில் ஏற்றுவாள். கடைசியாக அடுப்படியைத் துடைப்பத்தால் ஒருமுறை கூட்டுவாள். நான் சொம்பைக் கழுவி அப்படியே வைத்துவிட்டால், "பாப்பா, தண்ணி தேங்கவுடாத. கவுத்து வையி" என்பாள். ஏன் என்று அவள் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. விடிந்ததும் கோழிகள் வாசலைக் கிளறி, மிச்சம் மீதி இருந்த பருக்கையையும் பூச்சியையும் தின்று முடிக்கும்.

அந்த வீட்டில் எல்லாமே நன்றாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். அடுப்புப் புகைதான் ஆயாவின் கண்ணையும் நெஞ்சையும் கெடுத்தது. ஐப்பசி மழையில் கூரை ஒழுகும், தூக்கம் போகும். கேஸ் அடுப்பும் ஒழுகாத கூரையும் அவள் காலத்திலேயே வந்திருக்கக் கூடாதா என்றுதான் இன்றும் ஏங்குகிறேன்.

வீடு மாறியபோது அந்த வேலை வரிசையைக் கைவிட்டதுதான் நாங்கள் செய்த தவறு. கரப்பானுக்கு வேண்டியவை தண்ணீர், கதகதப்பு, முதுகும் வயிறும் ஒருசேர உரசுகிற இடுக்கு. சிங்க் அடியில் சொட்டுகிற குழாய் முதலாவதைக் கொடுத்தது. மார்கழிக் குளிரிலும் சூடாக இருக்கிற ஃபிரிட்ஜின் முதுகு இரண்டாவதைக் கொடுத்தது. சமையல் மேடைக்கும் டைல்ஸுக்கும் நடுவில் சிமென்ட் விட்டுப்போன விரிசல் மூன்றாவது. தண்ணீர் இருந்தால் இந்தப் பூச்சி ஏறக்குறைய ஒரு மாதம் தீனியே இல்லாமல் ஓட்டிவிடும். தண்ணீரும் இல்லையென்றால் இரண்டு வாரம் தாங்குவதே கடினம். ஆயா சொம்பைக் கவிழ்க்கச் சொன்னதன் அர்த்தம் எனக்கு இதைப் படித்த பிறகுதான் முழுசாகப் புரிந்தது.

ஒருநாள் ஃபிரிட்ஜை இழுத்துப் போட்டுப் பார்த்தேன். சுவரில் மிளகுத்தூள் தூவியதுபோல எச்சம். அந்த எச்சத்தின் வாசனையே மற்றவற்றையும் அதே இடத்துக்கு அழைக்கும். வெளிர் பழுப்பில், விரல் நகம் நீளம்தான் ஒவ்வொரு கரப்பானும். கழுத்துக்குப் பின்னால் இரண்டு கருங்கோடு. ஒன்றின் பின்பக்கத்தில் வரிவரியாகச் சின்னப் பை ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. முட்டைப் பை. ஒரு பையில் முப்பது, நாற்பது முட்டை இருக்கும். சாக்கடையில் திரிகிற பெரிய செங்கரப்பான் தன் பையை எங்காவது ஒட்டிவிட்டுப் போய்விடும். இது அப்படி விடுவதில்லை. குஞ்சு பொரிக்கிற வேளை வரை சுமக்கும். சூடும் தீனியும் இருந்தால் அந்தக் குஞ்சுகள் இரண்டே மாதத்தில் பெரிதாகிவிடும்.

இதன் பெயர் ஜெர்மன் கரப்பான். 1767-ல் இயற்கையியலாளர் லின்னேயஸ் வைத்த பெயர். ஆனால் 2024-ல் வெளிவந்த மரபணு ஆய்வு, இது சுமார் 2,100 ஆண்டுகளுக்கு முன் இந்தியாவிலோ மியான்மரிலோ ஓர் ஆசியக் காட்டுக் கரப்பானிலிருந்து பிரிந்து, மனிதக் குடியிருப்புகளோடு ஒட்டிக்கொண்டது என்கிறது. சரக்கோடு சரக்காக மேற்கே போய், ஐரோப்பாவைச் சுற்றி, உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது. எங்கள் மலைக்கு அது போளூர் பஸ்ஸில் ஏறிய மளிகை அட்டைப்பெட்டியின் மடிப்பில் வந்திருக்க வேண்டும். அன்று போலவே இன்றும் அதைச் சுமந்து வந்தது மனிதக் கைதான்.

மகளுக்கு இளைப்பு வந்தபோதுதான் பயந்தேன். ராத்திரியெல்லாம் நெஞ்சு விசில் அடிக்கும். திருப்பத்தூரில் பார்த்த டாக்டர் முதலில் கேட்டதே, "வீட்டில் கரப்பான் இருக்கிறதா?" என்றுதான். அதன் எச்சமும் உரித்த தோலும் தூசியில் கலந்து இளைப்பைத் தூண்டும் என்றார். அன்று மாலையே ஸ்பிரே வாங்கி மூலை மூலையாக அடித்தேன். சமையலறையில் இருந்தவை சிதறிப் படுக்கையறைக்கு வந்தன. மகளின் இருமல் கூடியது. மருந்துக்குத் தப்பியவை பெருகும். அவற்றின் குஞ்சுகளும் தப்பும். சர்க்கரை கலந்த விஷ இரையைப் பல காலம் வைத்த இடங்களில் சர்க்கரையே கசக்கிற கரப்பான்கள் தோன்றியதை 1990-களில் அமெரிக்காவில் கண்டறிந்தார்கள். விஷத்தை மட்டும் நம்பினால் தோற்பது நாம்தான்.

அதனால் ஆயாவின் வரிசைக்கே திரும்பினேன். குழாய் வாஷரை மாற்றினேன். விரிசலைச் சிமென்ட்டால் பூசினேன். அட்டைப்பெட்டி வாசலிலேயே பிரிபடும், உள்ளே வராது. படுக்கப் போகும்முன் சிங்க்கை ஈரம் போகத் துடைத்து, பாத்திரங்களைக் கவிழ்த்து, மிச்சச் சோற்றை மூடிவிடுவேன். நாலைந்து மாதம் பிடித்தது. இப்போது விளக்கைப் போட்டால் எப்போதாவது ஒன்று ஓடுகிறது. மகள் தூங்குகிறாள்.

போன மாதம் பலா மரத்தடிச் சருகை அவள் குச்சியால் கிளறிக்கொண்டிருந்தாள். கருப்பு உடம்பில் வெள்ளைப் பொட்டு வைத்த பூச்சி ஒன்று வெளியே வந்தது. தென்னிந்தியாவின் புதர்க்காடுகளில் சருகுக்கடியில் வாழ்கிற கரப்பான் அது. "கரப்பாம்பூச்சிம்மா, அடிச்சிடவா?" என்றாள். உலகத்தில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட கரப்பான் வகைகள் உண்டு, வீட்டுக்குள் வருகிறவை ஏறக்குறைய முப்பதுதான், மற்றவை காட்டில் சருகை மண்ணாக்கிக்கொண்டு தம் பாட்டில் இருக்கின்றன என்று சொன்னேன். "இது நம்ம வீட்டுக்கு வராதா?" "ஆயா காலத்துலயும் இங்கதான் இருந்துது. ஒருநாளும் வாசப்படி ஏறல."

அவள் குச்சியைப் போட்டுவிட்டு, ஒரு பலா இலையை எடுத்து அதன்மேல் மூடினாள்.