எந்தப் பை?

போன ஞாயிறு காலை காசிமேட்டில் படமெடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற தம்பி என் கேமராவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பாடி சூப்பர் சார். லென்ஸ்தான் கொஞ்சம் பெருசு" என்றார். இன்னும் ஆறவில்லை. என்னுடையது பானசோனிக் 20 எம்.எம். எஃப் 1.7, நீளம் 25.5 மில்லிமீட்டர். அவருடையது 14 எம்.எம். எஃப் 2.5, நீளம் 20.5. ஐந்து மில்லிமீட்டருக்காக ஒரு பெரிய மனுஷனை மீன் கூடைகளுக்கு நடுவே நிற்கவைத்து அவமானப்படுத்த மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்னும் சின்ன சென்சார் கேமரா ஆசாமிகளால் மட்டுமே முடியும்.

எந்த லென்ஸை வாங்கலாம் என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்குமுன் பை சமாசாரம் ஒன்று இருக்கிறது.

"பையில் போட்டுக்கொள்ளலாம்" என்று இந்தக் குட்டிக் கேமராக்களைப் பற்றி எழுதுகிற எல்லோரும் சொல்கிறார்கள். எந்தப் பை? எழுதுகிறவர்கள் குளிர்தேசத்துக்காரர்கள், அவர்கள் சொல்வது கோட்டுப் பை. மே மாதச் சென்னையில் கோட்டுப் போட்டவனை நான் கல்யாண ரிசப்ஷன் மேடையில்தான் பார்த்திருக்கிறேன், அவனும் மாப்பிள்ளை. சட்டைப் பையில் போட்டால், செருப்பு மாட்டக் குனியும்போது கேமரா முதலில் இறங்கிவிடும். பேன்ட் பையில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்தால் பக்கத்துச் சீட்டுக்காரர் முறைக்கிறார். வேட்டி கட்டினால் பையே கிடையாது. உள்ளே பட்டாபட்டி டிராயரில் இருக்கிறது, ஆழமான, அருமையான பை, 14 எம்.எம். என்ன, ஃபிளாஷும் சார்ஜரும் சேர்ந்தே போகும். ஆனால் கெட்டிமேளம் கொட்டும் நேரத்தில் முன்வரிசையில் எழுந்து நின்று வேட்டியைத் தூக்கிக் கேமராவை எடுக்க வேண்டும். பெண் வீட்டார் என்ன நினைப்பார்கள்? தையற்காரரிடம் சட்டைக்குப் பெரிய பை கேட்டேன். "கண்டக்டர் வேலையா சார்?" என்றார்.

கம்பெனிகளைச் சொல்ல வேண்டும். 2013-இல் பானசோனிக் ஜி.எம்.1 என்று ஒரு கேமரா விட்டது. பேட்டரி, கார்டு எல்லாம் சேர்த்து 204 கிராம். அந்த வரிசையை அப்படியே வளர்த்திருக்கலாம். ஒலிம்பஸ் 25 எம்.எம். எஃப் 1.2 என்று ஒரு லென்ஸைக் கொண்டுவந்தது, எடை 410 கிராம். ஜி.எம்.1-இல் அதை மாட்டினால் லென்ஸில் கேமராவை மாட்டியதுபோல இருக்கும். இந்தக் கனத்தைச் சுமப்பதற்கா சின்ன சென்சாரைக் கட்டிக்கொண்டோம்?

இன்னொரு கோடியில் அதே ஒலிம்பஸின் 15 எம்.எம். எஃப் 8. பாடி மூடியிலேயே கண்ணாடி பதித்தது. தடிமன் 9 மில்லிமீட்டர், எடை 22 கிராம். பட்டாபட்டி தேவையே இல்லை. நல்ல வெயிலில் படமும் விழும். அந்தி சாய்ந்துவிட்டால் மறுபடி அது மூடிதான்.

யாராவது பானசோனிக் 12-32 ஜூமைக் கழற்றிவிடும் எண்ணத்தில் இருந்தால் தெரிவிக்கவும். 70 கிராம்தான், சுருக்கினால் 24 மில்லிமீட்டர். ஃபோகஸ் வளையம் இல்லாவிட்டால் பரவாயில்லை. உள்ளே பூஞ்சை இருக்கக் கூடாது, இரண்டு பக்க மூடியும் வேண்டும். "பெட்டியைப் பிரிக்கவே இல்லை சார்" என்கிறவர்கள் தயவுசெய்து வர வேண்டாம்.