நானா?

முத்துக்குளிக்கிற காலத்தில், கடலுக்குள் இறங்கியவனின் கயிற்றை வள்ளத்தில் இருந்து பிடிப்பது மச்சான்தான் என்று தூத்துக்குடியில் சொல்வார்கள். அண்ணன் தம்பி பிடித்தால் பங்காளிப் பகை குறுக்கே வரும். கூலிக்காரன் பிடித்தால் கொட்டாவி வரும். கூடப்பிறந்தவள் தாலியறுத்துவிடக் கூடாதே என்று பதறுகிறவன்தான் கயிறு ஒருமுறை துடித்ததுமே இழுப்பானாம்.

இந்தக் கடலில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. கயிறு மட்டும் இன்னும் இருக்கிறது. பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் மைதானத்தில் நெஞ்சை நிமிர்த்தி அளவு கொடுக்கும் பையனின் இடுப்பில் கண்ணுக்குத் தெரியாமல் அதைக் கட்டுகிறார்கள். மறுமுனை தில்லியில். அங்கே பிடித்திருப்பவர் மச்சானில்லை, கணக்குப்பிள்ளை. கயிறு துடித்தால் இழுக்க மாட்டார். கோப்பைத் திறந்து, "துடித்தது பணி நேரத்திலா, ஓய்வு நேரத்திலா?" என்று எழுதுவார்.

ஒரு பட்டாளத்துக்காரரைக் கற்பனை செய்துகொள்வோம். பெயர் வேண்டாம், கோப்பிலும் அவர் வெறும் எண்தான். பீச் ரோட்டு டீக்கடையில் கிளாஸை வைத்துவிட்டு அவர் கேட்கிறார்: "ஏன் அண்ணாச்சி, அமெரிக்காக்காரன் அடிபட்ட பென்ஷனை வாங்கிக்கிட்டு வெளிநாட்டுல போயி நிம்மதியா உக்காந்திருக்கானாமே. நமக்கும் அப்படி ஒரு வழி இருக்கா?"

இருக்கிறது ஐயா. இதோ வழிகாட்டி.

முதலில் அமெரிக்காக்காரன் கதையை முடித்துவிடுவோம். படையில் ஊனமடைந்தவருக்கு அங்கே தரும் மாதத் தொகைக்கு வருமான வரி கிடையாது. உலகத்தின் எந்த மூலையில் வாழ்ந்தாலும் வரும். நூறு சதவீத ஊனம் என்று மதிப்பிடப்பட்ட தனி ஆளுக்கு 2025இல் மாதம் 3,800 டாலருக்கு மேல். ஓய்வுபெற்ற வீரர்கள் பிலிப்பைன்ஸில் நிறையப் பேர் குடியேறியிருக்கிறார்கள். முன்னாள் படைவீரர் துறை மணிலாவிலேயே ஒரு மண்டல அலுவலகம் நடத்துகிறது. அதற்காக அமெரிக்காவைத் தர்மப்பிரபு என்று நினைத்துவிட வேண்டாம். இரண்டாம் உலகப்போரில் அதன் கொடிக்குக் கீழே நின்று சண்டையிட்ட பிலிப்பைன்ஸ்காரர்களுக்கு வாக்களித்த சலுகைகளை 1946இல் ஒரு சட்டம் போட்டுப் பறித்த நாடும் அதுதான். கயிற்றைப் பிடிக்கும் கணக்குப்பிள்ளைகள் எல்லா ஊரிலும் உண்டு. தன் ஊர்க்காரன் துடித்தால் இழுக்கும் அளவுக்காவது அங்கே வெட்கம் இருக்கிறது.

இனி நம் கதை. வெளிநாடு என்றால் தூத்துக்குடிக்காரனுக்கு முதலில் நினைவுக்கு வருவது கொழும்பு. நூற்றைம்பது கடல் மைல் சொச்சம். 1906இல் வ.உ.சிதம்பரனார் கப்பல் கம்பெனி ஆரம்பித்து ஓட்டியதும் அங்கேதான். அவர் சிறைக்குப் போய்ச் செக்கிழுத்து, உடம்பு நொறுங்கி, வக்கீல் சன்னதும் பறிபோய் வெளியே வந்தார். 1936இல் இதே ஊரில் கண்ணை மூடும்வரை வறுமை விடவில்லை. இன்றைக்குத் துறைமுகத்துக்கே அவர் பெயர். நாட்டுக்காக உடைந்தவனுக்கு உயிரோடு இருக்கும்போது சோறு போட மறந்துவிட்டால், செத்தபின் பெயர்ப்பலகை மாட்டிச் சரிக்கட்டும் மரபு நமக்கு இப்படித்தான் வந்தது. கொழும்புக்குப் பயணிகள் கப்பல் 2011 ஜூனில் மறுபடி புறப்பட்டது. ஸ்கோஷியா பிரின்ஸ் என்று பெயர். அதே ஆண்டு நவம்பரில் நின்றுபோனது. ஆகவே முழு மனிதனாகக் கப்பலேறி வெளிநாட்டில் ஓய்வெடுக்கும் யோசனையை விட்டுவிடுங்கள்.

தவணை முறையில் போகலாம். அதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. 1987 ஜூலை 29 ஒப்பந்தத்துக்குப் பிறகு "அமைதி காக்க" இலங்கைக்குப் போன நம் படையில் ஏறத்தாழ 1,200 பேர் திரும்பவில்லை. ஆயிரக்கணக்கானவர்கள் காயத்தோடு திரும்பினார்கள். கண்ணிவெடியில் கால் போனவர்களுக்கு ஓய்வூதியம் கிடைக்கும் முன்பே கால் ஓய்வு பெற்றுவிட்டது, அதுவும் வெளிநாட்டில். விசா கேட்கவில்லை, வாடகை கேட்கவில்லை, யாழ்ப்பாணத்து மண்ணில் நிரந்தரக் குடியுரிமை பெற்று முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகக் கிடக்கிறது.

அந்தப் படை அங்கே செய்ததை வெள்ளையடிக்க எனக்கு விருப்பமில்லை. 1987 அக்டோபர் 21 அன்று யாழ் மருத்துவமனைக்குள் நோயாளிகளையும் மருத்துவர்களையும் தாதியரையும் சுட்டுக்கொன்றது அதுதான். 1990 மார்ச்சில் கடைசி அணி சென்னையில் வந்து இறங்கியபோது முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அதற்கும் காரணம் இருந்தது. ஆனால் யாழ்ப்பாணத்தில் கால் இழந்த எங்கள் சனத்துக்கு எந்தத் தேசமும் பென்ஷன் தரவில்லை. கால் போன இரண்டு பக்கத்து ஏழைகளும் கட்டை ஊன்றி நடக்க, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட கைகளுக்குச் சிலை வைத்தார்கள்.

ஆனாலும் கால் போனவர் பாக்கியசாலி என்பேன். கால் இல்லை என்பதை மெடிக்கல் போர்டுகூட கண்ணால் பார்த்தாக வேண்டும். போர்க்காயம் என்று எழுதியாக வேண்டும். உள்ளே உடைந்தவர் கதைதான் வேறு. தூக்கம் போனவர், வலிப்பு வந்தவர், பனிமலையில் நெஞ்சடைத்தவர், பாதி ராத்திரி எழுந்து "கவர் எடு!" என்று பெண்டாட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுகிறவர். இவர்கள் கோப்பில் மருத்துவக் குழு ஒரு முத்திரை குத்தும். நோய் பணியால் வந்ததும் இல்லை, பணியால் கூடியதும் இல்லை என்று அர்த்தம். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து அதைப் பட்டாளத்தில் சுருக்கிச் சொல்வது: "நானா".

தமிழ் தெரியாதவர்கள் வைத்த பெயர். இவ்வளவு பொருத்தமான தமிழ்ச் சொல்லை எந்தப் புலவனாலும் கண்டுபிடித்திருக்க முடியாது. இருபது வயதில் பத்துப் பரிசோதனை செய்து, பல்லைப் பிடித்துப் பார்த்து, குறையில்லை என்று எழுதி எடுத்துக்கொண்டார்களே, அந்தப் பையனை உடைத்தது யார்? அரசாங்கம் கண்ணை அகல விரித்துக் கேட்கிறது: "நானா?"

முத்துக்குளிப்பில் கடல்கட்டி என்று ஒருவர் இருந்தார். மந்திரம் சொல்லிச் சுறாவின் வாயைக் கட்டுவது அவர் தொழில். அவருக்குச் சிப்பியில் பங்கு உண்டு. வெள்ளைக்காரச் சர்க்காரும் அதற்கு உடன்பட்டது. எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு, ஒரு பங்கு குளித்தவனுக்கு. சுறாக்கடி மட்டும் முழுப்பங்கும் குளித்தவனுக்கே. மெடிக்கல் போர்டு நம் காலத்துக் கடல்கட்டி. அவர் சுறாவின் வாயைக் கட்டினார். இவர்கள் கஜானாவின் வாயைக் கட்டுகிறார்கள்.

தரம்வீர் சிங் என்ற சிப்பாய் 1985இல் சிக்னல் பிரிவில் சேர்ந்தார். வலிப்பு வந்ததால் 1994இல் வீட்டுக்கு அனுப்பப்பட்டார், "நானா" முத்திரையோடு. உச்ச நீதிமன்றம் அவருக்கு நியாயம் சொன்னது 2013 ஜூலையில். சேரும்போது நோய் இருந்ததாகக் குறிப்பு எழுதவில்லையா, அப்படியானால் பணியில் வந்ததாகத்தான் கொள்ள வேண்டும். இல்லையென்று நிரூபிக்க வேண்டியது அரசு. சந்தேகத்தின் பலன் வீரனுக்கு. இந்த மூன்று வாக்கியத்துக்குப் பத்தொன்பது வருஷம். தீர்ப்பு வந்ததே, அரசு திருந்தியதா? 2025 ஜூலையில்கூட, ஊனமுற்ற வீரர்களுக்கு ஆயுதப்படைத் தீர்ப்பாயம் கொடுத்ததைப் பிடுங்கக் கேட்டு அரசு தொடுத்த ஏறத்தாழ 300 மனுக்களைத் தில்லி உயர் நீதிமன்றம் ஒரே மூச்சில் தள்ளுபடி செய்தது. எல்லையில் இவ்வளவு விடாப்பிடியாக நின்றிருந்தால் எதிரிகள் மிரண்டிருப்பார்கள். கால் இல்லாதவனைத் துரத்துவது சுலபம்தானே.

இதில் உச்சம் எது தெரியுமா? அடிபட்ட பிறகும் "ஓடமாட்டேன், நிற்கிறேன்" என்று பணிக்காலம் முழுவதும் நின்றவரைத் தண்டிப்பது. 2001இல் அரசு ஒரு ஆணை போட்டது: ஊனத்தை இருபது, முப்பது என்று துல்லியமாக அளக்க முடியாது, ஐம்பதுக்குக் கீழே என்றால் ஐம்பதாகவே கொள்ளலாம். நல்ல ஆணை. ஆனால் உடனே வெளியேற்றப்பட்டவருக்கு மட்டும். கடைசி நாள் வரை நொண்டிக்கொண்டே காவல் நின்றவருக்கு இல்லை. அவருடைய இருபது சதவீதம் இருபதுதான். அவருக்கும் உண்டு என்று ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது 2014 டிசம்பரில்.

சரி, பாடம் படித்திருப்பார்கள் என்று பார்த்தால், 2019 ஜூன் 24 அன்று நேரடி வரி வாரியத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. ஊன ஓய்வூதியத்துக்கு வரிவிலக்கு வெளியேற்றப்பட்டவருக்குத்தான். முழுப் பணிக்காலம் முடித்தவர் வரி கட்ட வேண்டும். அதாவது, குண்டு பட்டதும் போய்விட்டவனுக்கு வரி இல்லை. குண்டு பட்டும் நின்றவனுக்கு வரி! இராணுவத் தலைமையகமே அதற்கு முட்டுக்கொடுத்து விளக்கம் எழுத, முன்னாள் பாதுகாப்பு அமைச்சரும் அப்போதைய நிதியமைச்சருமான நிர்மலா சீதாராமன் அதை ட்விட்டரில் போட்டார். ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் பழைய நிலையே தொடரட்டும் என்றது. 2023 செப்டம்பரில் புது விதிகள் வந்தன. கடைசிவரை நின்றவர் வாங்குவதற்குப் பெயரே மாறியது, "இம்பேர்மென்ட் ரிலீஃப்" என்று. நிவாரணமாம். வெள்ளத்துக்கும் புயலுக்கும் கொடுப்பார்களே, அந்தச் சொல். உரிமை என்று இருந்ததை இரக்கம் என்று ஆக்கிவிட்டால், அடுத்து இல்லை என்று கைவிரிக்க வசதி.

ஏமாற்றுகிறவர்கள் இல்லையா என்று கேட்பார்கள். இருக்கிறார்கள். தணிக்கைத் துறையின் 2023 அறிக்கையைப் புரட்டுங்கள். ஆண்டுதோறும் ஓய்வுபெறும் அதிகாரிகளில் 36 முதல் 40 சதவீதம் பேர் ஊன ஓய்வூதியத்தோடு போகிறார்கள். சிப்பாய், ஹவில்தார் வகையில் 15 முதல் 18 சதவீதம். முன்னே நின்று சுடுகிறவனைவிட, பின்னே நின்று கட்டளையிடுகிறவருக்கு இரண்டு மடங்கு ஊனம். விருந்து மண்டபத்தில் கண்ணிவெடி புதைத்திருப்பார்கள் போலிருக்கிறது. திருடனைப் பிடிக்க வேண்டுமென்றால் அந்தப் பக்கம் போங்கள். முத்துநகர் எக்ஸ்பிரஸில் முன்பதிவில்லாப் பெட்டியில் கட்டைக் காலை நீட்ட இடமில்லாமல், விடிய விடிய நின்றுகொண்டு சென்னைத் தீர்ப்பாயத்துக்குப் போகிறவனின் பையைச் சோதிக்காதீர்கள்.

சண்டையெல்லாம் எதற்கு என்கிறீர்களா? கடைசிச் சம்பளம் நாற்பதாயிரம் வாங்கியவருக்கு, நூறு சதவீத ஊனத்துக்கு ஊனப்படி முப்பது சதவீதம், பன்னிரண்டாயிரம் ரூபாய். ஐம்பது என்றால் ஆறாயிரம். இருபதை இருபதாகவே வைத்தால் 2,400. அந்த வித்தியாசத்தைக் காப்பாற்றத்தான் உச்ச நீதிமன்றம் வரை மூத்த வக்கீல்கள்.

அதையும் சும்மா தருவார்களா? வருஷத்துக்கு ஒருமுறை உயிரோடு இருப்பதாகக் காட்ட வேண்டும். பென்ஷன் தரும் கணினி ஏற்பாட்டுக்கு "ஸ்பர்ஷ்" என்று பெயர். தொடுதல் என்று பொருள். 2022 ஏப்ரலில் ஏறத்தாழ 58,000 பேரின் பென்ஷனை அது தொடவே விடவில்லை. ஆள் இருப்பது சரிபார்க்கப்படவில்லையாம். கூச்சல் எழுந்த பிறகு பணம் போட்டார்கள். தேய்ந்த கட்டைவிரலைக் கருவி அடையாளம் காணாதபோது அந்தப் பெரியவர் என்ன செய்வார்? அந்த ரேகை துப்பாக்கியில் தேய்ந்தது என்று கருவிக்குச் சான்றிதழ் தர முடியுமா? தந்தாலும் வரும் பதில் தெரிந்ததுதான்: நானா.

வெளிநாட்டில் ஓய்வு கேட்ட நண்பருக்கு ஒரு ஆறுதல். அடுத்த தலைமுறைக்கு இந்தத் தொல்லையே இல்லை. 2022 ஜூனில் வந்த அக்னிபாத் திட்டத்தில் நான்கு வருஷ வீரனுக்குப் பென்ஷனே கிடையாது. ஊனமானால் ஒருமுறைத் தொகை: நூறு சதவீதத்துக்கு 44 லட்சம், எழுபத்தைந்துக்கு 25, ஐம்பதுக்கு 15. இருபத்தொரு வயதுப் பையனின் மிச்சமிருக்கும் ஐம்பது வருஷத்தை மொத்த வியாபாரத்தில் முடித்துக்கொள்கிறார்கள். கயிறு பிடிக்கிற வேலையே மிச்சம், அறுத்துவிட்டுப் போய்விடலாம்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு நம் பட்டாளத்துக்காரர் டீக்காசைக் கொடுத்துவிட்டு எழுந்தார். "வெளிநாடு வேணாம் அண்ணாச்சி. உள்நாட்டுல இருக்கிறதா அவன் ஒத்துக்கிட்டாப் போதும்."

ஒத்துக்கொள்ள வைப்பது ஒன்றும் பிரமாதமான காரியமில்லை. ஊனமுற்ற வீரர்கள் மீதான மேல்முறையீடுகளை விட்டுவிடுங்கள் என்று, பாதுகாப்பு அமைச்சராக இருந்த மனோகர் பாரிக்கர் அமைத்த குழு 2015லேயே எழுதிக் கொடுத்துவிட்டது. புதுச் சட்டம் வேண்டாம். புதுப் பணம் வேண்டாம். ஊர்வலம், மெழுகுவர்த்தி, மேடையில் கண்ணீர் எதுவும் வேண்டாம். வழக்குகளைத் திரும்பப் பெறும் கோப்பில் ஒரு கையெழுத்துப் போதும்.

போடுங்கள். உங்களுக்குக் கை இருக்கிறது.