கேளிக்கைக் குங்குமம்

ஸ்ரீரங்கத்துக்காரர்கள் விவரம் போதாதவர்கள். தலைமுறை தலைமுறையாக 'ரங்கா ரங்கா' என்று தொண்டை கிழியக் கூவுகிறார்கள். ஒரு கோபுரத்துக்கே அந்தப் பெயர். யாராவது ஒருவர் அதை வணிகக் குறியாகப் பதிந்து வைத்தாரா? ஒரு வகுப்புக்கு இணையவழிக் கட்டணம் நிறுவனம் என்றால் 9,000 ரூபாய், தனி ஆளுக்கு அதில் பாதி. பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டிருந்தால், பெருமாள் பள்ளிகொண்டிருக்கும் வரை உரிமையும் நம்முடையது. சரக்கும் சேவையுமாக வகுப்புகள் மொத்தம் 45. 'காவிரித் தாயே'யை 32-இல் போடலாம். குடிநீரும் பீரும் அங்கே ஒரே பந்தி. அம்மா மண்டபத்தில் முங்கி எழுகிறவர் வாய்தவறி அப்படிக் கூப்பிட்டால் படித்துறையிலேயே வக்கீல் நோட்டீஸ்.

அபத்தம் என்கிறீர்களா? 2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காமில் பயங்கரவாதிகள் 26 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். மே 7 அன்று நடந்த பதிலடிக்கு அரசு 'ஆபரேஷன் சிந்தூர்' என்று பெயர் வைத்தது. புருஷனைக் கண்ணெதிரே பறிகொடுத்த பெண்களின் நெற்றிக் குங்குமம் அது. அன்றைக்கே அந்தப் பெயரைக் கேட்டு ரிலையன்ஸின் ஜியோ ஸ்டுடியோஸ் சார்பில் மனு விழுந்தது. எந்த வகுப்பில் தெரியுமா? 41. கேளிக்கை! எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று இன்னும் சிலரும் வரிசைகட்டினார்கள். ஊர் காறித் துப்பியதும் மறுநாளே ரிலையன்ஸ் வாபஸ். கீழ்நிலை ஊழியர் ஒருவர் அனுமதி வாங்காமல், தெரியாத்தனமாகப் போட்டுவிட்டாராம். எங்கள் காந்தி மார்க்கெட் மண்டியில் முதலாளியைக் கேட்காமல் கணக்குப்பிள்ளை ஒரு டீ செலவுகூட எழுத முடியாது.

சோறு விஷயத்திலும் இதே கதைதான். 'மேஜிக் மசாலா' தன்னுடையது என்று 2013-இல் ஐடிசி சென்னை உயர் நீதிமன்றம் போனது. நெஸ்லே தன் மேகி பொட்டலத்தில் 'மேஜிக்கல் மசாலா' என்று போட்டதுதான் குற்றம். அந்தக் 'கல்'லை ஏழு வருஷம் மாறி மாறி எறிந்துகொண்டார்கள். அவை வெறும் புகழ்ச்சிச் சொற்கள், யாரும் ஏகபோகம் கொண்டாட முடியாது என்று 2020-இல் டிவிஷன் பெஞ்சும் சொல்லியனுப்பியது. மிளகாய்ப்பொடி அரைக்கும் எந்தப் பாட்டியும் அதை வெற்றிலை மடிக்கிற நேரத்தில் சொல்லியிருப்பாள்.

பாட்டிகளுக்கும் சட்டம் ஒன்று கொடுக்காமல் இல்லை. 2023-இல் மணப்பாறை முறுக்குக்குப் புவிசார் குறியீடு வந்தது. படம் எடுத்தோம், பெருமைப்பட்டோம். எந்த ஊர் எண்ணெயில் வெந்த முறுக்கானாலும் பொட்டலத்தில் 'மணப்பாறை' என்று அச்சடித்து விற்றால் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் கேட்பார் யார்? அடுப்படியில் வேகிற அம்மா தானே கேட்கலாம் என்கிறது சட்டம். அதற்கு முதலில் அவர் தன்னை 'அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்' என்று பதிந்துகொள்ள வேண்டும், ஆவணம் சேர்க்க வேண்டும், அப்புறம் வக்கீல் பிடிக்க வேண்டும். தெரியாத்தனமாக மனுப் போட்டுக் கொடுக்க அவரிடம் கீழ்நிலை ஊழியர் எவரும் இல்லை.