கண்ணாடிக்கு அடியில் ஒரு குடும்பம்

1991இல் கோயம்புத்தூரில் ஒரு நூற்பாலையின் கணக்குப் பிரிவில் சேர்ந்தபோது எனக்குக் கிடைத்தவை ஓர் இரும்பு மேசை, பிரம்பு பின்னிய நாற்காலி, மேசைமேல் போட ஒரு கண்ணாடி. சுவர்களில் மங்கிய பச்சை. மின்விசிறியை வேகமாக வைத்தால் வவுச்சர்கள் பறக்கும். அறையை அழகாக்க ஆலை ஒரு ரூபாய்கூடச் செலவழித்ததில்லை. இருந்தும் ஆள் இல்லாத நேரத்தில் உள்ளே நுழைந்தால்கூட எந்த மேசை யாருடையது என்று சொல்லிவிடலாம்.

எல்லாம் அந்தக் கண்ணாடிக்கு அடியில் இருந்தது. தலைமைக் கணக்கருக்கு மருதமலை முருகன், பக்கத்திலேயே எல்.ஐ.சி. பிரீமியம் கட்ட வேண்டிய தேதிகள். டெஸ்பாட்ச் அண்ணன் டவுன் பஸ் நேரங்களைச் சிவப்பு மையில் எழுதி வைத்திருந்தார். மற்ற பிரிவுக்காரர்கள் வந்து அவர் மேசையைக் குனிந்து பார்த்துவிட்டுப் போவார்கள். தட்டச்சு செய்யும் அக்கா தன் மகளின் ஸ்டாம்ப் சைஸ் படங்களை வகுப்பு வாரியாக வரிசையாக வைத்திருந்தார். ரெட்டைப் பின்னலும் ரிப்பனுமாக அந்தப் பெண் எங்கள் எல்லோருக்கும் முன்னால் வளர்ந்தாள். என் கண்ணாடி காலியாகக் கிடப்பதைச் சில நாள் பார்த்த அக்கா, "ஏனுங்க தம்பி, ஒரு படமாவது வைக்கக் கூடாதுங்களா? எந்த ஊட்டுப் பையன்னே தெரியலையே" என்றார். மறுநாள் பழனி அடிவாரத்து ஸ்டுடியோவில் அப்பா அம்மாவோடு எடுத்த படத்தைக் கொண்டுபோய் வைத்தேன். மதியத்துக்குள் பாதி அலுவலகம் அம்மாவின் ஊர் எது என்று விசாரித்துவிட்டது.

பேனா வைக்க நூல் தீர்ந்த காகிதக் கோன். அடியில் அட்டை ஒட்டி, வெளியே வண்ணக் காகிதம் சுற்றினால் போதும். சுவருக்குச் சிவகாசி காலண்டர்கள். கோவில்பட்டியிலிருந்து வரைந்த கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் தமிழ்நாட்டுச் சுவர்களுக்குத் தந்த தெய்வ முகங்கள், பஞ்சு வியாபாரிகளும் உதிரிபாகக் கடைக்காரர்களும் டிசம்பர் கடைசியில் கொண்டுவந்த காலண்டர்கள் வழியாக எங்களிடமும் வந்தன. வருடம் முடிந்ததும் தேதிப் பகுதியை வெட்டிவிட்டுப் படத்தை மட்டும் வைத்துக்கொள்வோம். லட்சுமியைத் தூக்கிப் போட யாருக்கு மனசு வரும்?

ஆயுத பூஜை வந்தால் ஆலையே எங்கள் கைக்கு வந்துவிடும். வாசலில் வாழைக்கன்று, கதவுக்கு மாவிலை, தறிநூல் கயிற்றில் காகிதத் தோரணம். தட்டச்சுப் பொறிக்கும் கால்குலேட்டருக்கும் சந்தனம், குங்குமம். அன்று வீட்டாரை உள்ளே விடுவார்கள். பொரியும் கடலையும் மென்றபடி பிள்ளைகள் ஒவ்வொரு மேசையாகப் போய்த் தங்கள் படம் இருக்கிறதா என்று தேடும்.

டைடல் பார்க் 2000இல் திறந்த பிறகு தரமணியும் பழைய மகாபலிபுரம் சாலையும் ஆட்களை இழுத்தன. நானும் சென்னைக்கு வந்தேன். கண்ணாடி போய்த் துணி போர்த்திய தடுப்புகள் வந்தன. கியூபிக்கிளைத் திட்டாதவர் இல்லை. ஆனால் அமெரிக்காவின் ஹெர்மன் மில்லர் நிறுவனத்துக்காக 1968இல் ராபர்ட் பிராப்ஸ்ட் அந்தத் தடுப்புகளைக் கொண்டுவந்தபோது, வேலை செய்பவரே தன் இடத்தைத் தனக்கேற்ப மாற்றிக்கொள்ள வேண்டும் என்றுதான் நினைத்தார். பெட்டி பெட்டியாக அடுக்கியது பிறகு வந்த நிறுவனங்களின் சிக்கனம். அந்தப் பெட்டிக்குள்ளும் குண்டூசி குத்த இடம் இருந்தது. திருமணப் பத்திரிகை, மகன் கிறுக்கிய யானை, மானிட்டர் ஓரத்தில் மணி பிளாண்ட். எனக்கு அது போதுமானதாகவே இருந்தது.

இப்போது அதுவும் இல்லை. இருக்கையைக் காலையில் செயலியில் பதிவு செய்ய வேண்டும். மாலையில் துடைத்துவிட்டு எழ வேண்டும். சொந்தப் பொருளுக்கு ஒரு லாக்கர். அலுவலகமோ முன்பு கனவிலும் காணாத அழகோடு இருக்கிறது. சுவரெல்லாம் கோலம், ஆட்டோ, காஞ்சிப் பட்டு என்று ஓவியங்கள், தொங்கும் செடிகள், வண்ண சோபாக்கள். எல்லாம் யாரோ ஒரு வடிவமைப்பாளரின் தேர்வு. எங்களில் ஒருவர் முகம்கூட எங்கும் இல்லை. தகவல் பாதுகாப்புத் தரமான ஐஎஸ்ஓ 27001 மேசைமேல் ரகசியத் தாள்களை விட்டுவைக்க வேண்டாம் என்கிறது. அது நியாயம். பிள்ளையின் படத்தில் என்ன ரகசியம் கசிந்துவிடும்? தீபாவளிக்கு அலங்காரப் போட்டி உண்டு. தலைப்பை மனிதவளத் துறை கொடுக்கும். விளக்கு பேட்டரியில் எரியும். பரிசு அறிவித்த மறுநாள் காலையில் எல்லாவற்றையும் கழற்றிவிடுவார்கள்.

இங்கிலாந்தின் எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரெய்க் நைட்டும் அலெக்ஸ் ஹாஸ்லமும் 2010இல் வெளியிட்ட ஆய்வை நான் பலரிடமும் சொல்லியிருக்கிறேன். வெறும் அறையில் இருந்தவர்களைவிடச் செடியும் படமும் வைத்த அறையில் இருந்தவர்கள் நன்றாக வேலை செய்தார்கள். அவற்றைத் தாங்களே இடம் பார்த்து வைத்தவர்கள் இன்னும் நன்றாகச் செய்தார்கள். அவர்கள் வைத்ததை ஆய்வாளர் வந்து மாற்றி அடுக்கியதும் அந்த முன்னேற்றம் காணாமல் போனது. அக்கா இதை எந்த ஆய்வும் இல்லாமல் அறிந்திருந்தார்.

மனிதர்கள் விடுவதாகவும் இல்லை. எங்கள் குழுவில் ஓர் இளம்பெண் கைப்பையில் கட்டைவிரல் அளவு பிள்ளையாரோடு வருகிறார். பதிவு செய்த மேசை எதுவானாலும் முதலில் மானிட்டருக்குக் கீழே அவரை உட்கார வைத்த பிறகே மடிக்கணினியைத் திறக்கிறார். இன்னொருவரின் மடிக்கணினி மூடியில் ஊர் ஊராக ஒட்டிய ஸ்டிக்கர்கள். அவர் தூத்துக்குடிக்காரர் என்பதை அந்த மூடியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். பக்கத்து மேசைக்காரரோடு மாதக்கணக்கில் பேசாமலே வேலை நடக்கிற இடத்தில் இது சின்ன விஷயம் அல்ல.

போன நிதியாண்டு முடிவில் நடந்த கூட்டத்தில், குழுவுக்கு ஒரு குண்டூசிப் பலகையாவது வேண்டும் என்று கேட்டேன். சுவர் ஓவியம் மறையும் என்றார்கள். தூணில் மாட்டலாம் என்றேன். மாட்டினார்கள். முதலில் ஒரு குழந்தையின் பிறந்தநாள் படம் வந்தது, பிறகு திருமணப் பத்திரிகைகள், அப்புறம் யாரோ எழுதிய 102 பஸ் நேரம். இப்போது அடுத்த குழுவும் பலகை கேட்கிறது. வரும் கூட்டத்தில் அவர்களுக்காகவும் பேசப்போகிறேன், கூடவே ஆளுக்கொரு நிரந்தர மேசையும் கேட்பேன்.